லைன் மெதுவா, வீடு மெதுவா? தோட்டத்துப் பட்டணத்தில் இணையக் கோளாறு பார்க்கும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) இணையக் கோளாறு என்று கூப்பிடுகிறவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, லைன் ரொம்ப ஸ்லோ லா." நேரில் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் வயர் பழுது, அடுத்த வீட்டில் ரவுட்டர் பழசு, அதற்கடுத்த வீட்டில் பழுதே இல்லை, வாங்கிய பேக்கேஜே அவ்வளவுதான். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் கோளாறை நாமே சரி செய்துகொள்ளலாம். இணையக் கம்பெனி வைத்திருக்கும் வரம்பை எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டர் வாங்கினாலும் தாண்ட முடியாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஆன்லைனில் காசைக் கொட்டுகிறவர்கள் அதிகம்.

உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். வயர் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

## எல்லாருக்கும் முதலில்: வயர் சோதனை

ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) வந்து சேரும் சின்னப் பெட்டியை மோடம் என்றும், வைஃபை கொடுக்கும் பெட்டியை ரவுட்டர் என்றும் சொல்கிறேன். சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும்.

ஒரு லேப்டாப்பை ரவுட்டரின் பின்னால் உள்ள லான் (LAN) துளையில் வயரால் இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்து விடுங்கள். வீட்டில் மற்ற எல்லாரும் ஐந்து நிமிடம் கைப்பேசியையும் டிவியையும் நிறுத்தி வைக்கட்டும். இப்போது வேகம் அளக்கும் ஸ்பீட்டெஸ்ட் ஓட்டி, வரும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை. பக்கத்திலேயே பில்லில் இருக்கும் பேக்கேஜ் வேகத்தையும் எழுதி வையுங்கள்.

டிவியை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் வயர் துளையே 100 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 100 மெகாபிட்). 500 பேக்கேஜ் வாங்கியவர் டிவியில் பார்த்துவிட்டு "ஏமாற்றிவிட்டார்கள்" என்று கத்துவதில் அர்த்தமில்லை. வயர் துளை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால், யுஎஸ்பியில் செருகும் கிகாபிட் அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

இன்னொன்று. பேக்கேஜில் எழுதியிருப்பது மெகாபிட். பதிவிறக்கம் ஓடும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். மெகாபிட்டை எட்டால் வகுத்தால்தான் மெகாபைட். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12 மெகாபைட் காட்டினால் லைன் சரியாக இருக்கிறது. இதைச் சொன்னவுடனே வழக்கு முடிந்துபோன வீடுகள் உண்டு.

வயரில் பேக்கேஜ் வேகம் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். வயரிலேயே வரவில்லை என்றால் வயர், ரவுட்டர், வெளி லைன், கம்பெனி என்ற வரிசையில் பாருங்கள்.

## அறிகுறி: இணையமே இல்லை

லைட்டைப் பாருங்கள். அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

எந்த லைட்டும் எரியவில்லை. முதலில் பிளக், சுவிட்ச், நீட்டிப்பு வயர். அடுத்தது அடாப்டர். மோடத்தோடு வரும் அடாப்டர்தான் பெட்டிக்கு முன்னாலேயே சாகும். அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் என்ன என்று பார்த்து, அதே வோல்ட்டில், அதே அல்லது கூடுதல் ஆம்பியரில் ஒன்று வாங்குங்கள். வோல்ட் மாறினால் பெட்டி போய்விடும். அடாப்டர் மாற்றியும் உயிர் வரவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது. கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் நீங்கள் வாங்க வேண்டாம், அவர்களிடமே கேளுங்கள்.

எல்ஓஎஸ் (LOS) என்ற லைட் சிவப்பாக எரிகிறது அல்லது மினுக்குகிறது. வெளியிலிருந்து ஒளி வரவில்லை. ஃபைபர் மோடத்தில் சரியாகச் செருகியிருக்கிறதா, சுவரோரம் மடங்கியிருக்கிறதா, அலமாரியை நகர்த்தும்போது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபரை டீ கிளாஸின் வாயைவிடச் சின்ன வளையமாகச் சுற்றாதீர்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். அப்புறம் வெளியே வந்து கம்பத்திலிருந்து வீடு வரை உள்ள கேபிளைப் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி இழுத்துவிட்டதா, மட்டை விழுந்து தொங்குகிறதா, அணில் கடித்திருக்கிறதா? இதில் எது இருந்தாலும் உங்கள் வேலை முடிந்தது. டேப் சுற்றி ஒட்டும் காரியம் அல்ல இது. கண்ணாடி இழையை இணைக்க அதற்கென்று கருவி வேண்டும். கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

மோடத்தில் எல்லாம் பச்சை, ரவுட்டரில் இன்டர்நெட் லைட் மட்டும் இல்லை அல்லது சிவப்பு. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வயரை மாற்றிப் பாருங்கள். இரண்டையும் அணைத்து, முதலில் மோடத்தைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து ரவுட்டரைப் போடுங்கள். அப்படியும் வரவில்லையா? பில் கட்டினீர்களா என்று வீட்டில் கேளுங்கள். மகன் கட்டிவிட்டான் என்று அப்பாவும் அப்பா கட்டிவிட்டார் என்று மகனும் இருப்பது நம் ஊரில் புதிதல்ல. பில்லும் சரி, வயரும் சரி, முந்தின நாள் சாயங்காலம் இடி மின்னல் இருந்தது என்றால், ரவுட்டரில் மோடத்தின் வயர் வந்து சேரும் வான் (WAN) துளை எரிந்திருக்கும். வைஃபை பெயர் வரும், கைப்பேசி சேரும், இணையம் மட்டும் இருக்காது. ரவுட்டர் மாற்ற வேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பின்னால் ஊசி நுழையும் ரீசெட் துளையை அமுக்காதீர்கள். மோடம் ஒரு பெட்டி, ரவுட்டர் ஒரு பெட்டி என்று இருக்கும் வீடுகளில் லைனின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள்தான் இருக்கும். அது அழிந்தால் சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும். சுவிட்சை அணைத்துப் போடுவது போதும்.

## அறிகுறி: வயரில் வேகம் இருக்கிறது, வைஃபையில் இல்லை

அதிகம் வரும் கேஸ் இதுதான். செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

எந்த அலையில் இருக்கிறீர்கள்? ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலை தருகிறது. 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு மோதிக்கொள்ளும். 5 வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று 30, 40 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால் கைப்பேசி 2.4-இல் மாட்டியிருக்கிறது. 5 என்று முடியும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ஒன்றுதான் தெரிகிறது என்றால், ரவுட்டர் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது? டிவிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், சாமி அலமாரிக்கு அடியில், இரும்பு பீரோவின் மேல். இந்த நான்கும் கெட்ட இடம். தண்ணீரும் இரும்பும் அலையைத் தின்னும். தோள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், வீட்டின் நடுப்பக்கமாக வையுங்கள். பழைய தோட்டத்து வீடுகளில் பலகைச் சுவரை வைஃபை தாண்டிவிடும். பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படியின் தகரச் சுவரைத் தாண்டாது. தாமான் வீடுகளில் முன்கூடத்தில் ரவுட்டர், கடைசி அறையில் பிள்ளை, நடுவில் மூன்று செங்கல் சுவர். எந்த ரவுட்டரும் அங்கே திணறத்தான் செய்யும்.

சேனல், அதாவது அலைக்குள் இருக்கும் தடம். 2.4-ஐத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை வையுங்கள். வரிசை வீடுகளில் எல்லாரும் ஒரே சேனலில் இருந்தால் எல்லாருக்கும் மெதுவாகும். கைப்பேசியில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு செயலி போட்டுப் பார்த்தால் எது காலி என்று தெரியும்.

கைப்பேசி பழசா? 2.4 மட்டும் பிடிக்கும் மலிவுக் கைப்பேசிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு கைப்பேசியில் மட்டும் மெதுவு, மற்றதில் சரி என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கடைசி அறைக்கு வேகம் போகவில்லை என்றால்தான் காசு. இங்கே எல்லாரும் முதலில் வாங்குவது சுவர் பிளக்கில் செருகும் எக்ஸ்டெண்டர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அலையை வாங்கி அதே அலையிலேயே திருப்பி அனுப்பும் பெட்டி வேகத்தைப் பாதியாக்கிவிடும். கூடத்திலிருந்து பின்னறைக்கு ஒரு கேட்5இ லான் வயர் இழுத்து, அந்த முனையில் ஒரு பழைய ரவுட்டரை அக்சஸ் பாயிண்டாக (வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டியாக) மாற்றி வைத்தால் செலவும் குறைவு, வேலையும் உறுதி. வயர் இழுக்கவே முடியாத வீட்டுக்கு, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் பெட்டிகள் செட்டாக வாங்கலாம்.

அண்ணன் வீடு, தம்பி வீடு, நடுவில் வாழைத்தோட்டம். ஒரே லைனில் இரண்டு வீடும் ஓடவேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. லான் வயர் 100 மீட்டர் வரைதான் தாங்கும். ஆனால் தூரத்தைவிட இடிதான் ஆபத்து. வெட்டவெளியில் செம்பு வயர் ஓடினால் ஒரு மின்னல் இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் ஒன்றாகக் கொண்டுபோகும். வெளியில் ஃபைபர் இழுத்து இரு முனையிலும் ஒளியை லான் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைப்பதுதான் சரியான முறை. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. அதிலும் உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஒப்பந்தம் பகிர அனுமதிக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது பெரும்பாலும் கூடாது.

## அறிகுறி: வயரிலும் 94, 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது

300 பேக்கேஜ், 500 பேக்கேஜ், எதுவானாலும் ஸ்பீட்டெஸ்ட் 94-இலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இது கம்பெனியின் வேலை அல்ல. வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் கண்ணி இருக்கிறது. தரவோடு ஒட்டிப்போகும் முகவரி விவரங்களைக் கழித்தால் அதில் மிஞ்சுவது 94 சொச்சம்.

விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் கோளாறு. முதலில் வயரை மாற்றுங்கள். உள்ளே எட்டு இழை இருக்க வேண்டும். நான்கே இழை போட்ட மலிவு வயர்களும், ஒரு இழை அறுந்த நல்ல வயர்களும் 100-க்கு இறங்கிவிடும். பிளக்கைப் பல்லால் கடித்துக் கிரிம்ப் செய்த மாதிரி இருக்கும் வயரை நம்பவே வேண்டாம்.

லேப்டாப் 1000 காட்டியும் வேகம் 94 என்றால் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பாருங்கள். அந்தச் சின்ன வயரையும் மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரவுட்டரின் துளையே 100. டெலிகாம் மலேசியாவின் (டிஎம்) ஃபைபர் சேவையான யூனிஃபை 2010-இல் வந்தபோது 5, 10, 20 எம்பிபிஎஸ் பேக்கேஜ்கள்தான். அப்போது கொடுத்த டி-லிங்க் டிஐஆர்-615 மாதிரியான 100 துளைப் பெட்டிகள் அதற்குத் தாராளமாகப் போதும். 2018-இல் கம்பெனிகள் தங்களுக்குள் லைனை விற்கும் மொத்த விற்பனை விலைக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வரம்பு வைத்த பிறகு கட்டணம் இறங்கியது, வேகம் பல மடங்கு ஏறியது, பெட்டி மட்டும் அதே அலமாரியில் தூசியோடு உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட பெட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், கடையில் வாங்குவதற்கு முன் கம்பெனியிடம் மாற்றிக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆனால் 24 மாத ஒப்பந்தம் மறுபடி தொடங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## அறிகுறி: வயரில் எந்த நேரமும் பேக்கேஜில் பாதிதான்

பேக்கேஜை அண்மையில் ஏற்றினீர்களா? புதிய கட்டணம் பில்லில் வந்திருக்கும், லைனில் வேகம் ஏறியிருக்காது. கம்பெனியின் பக்கத்தில் உங்கள் எண்ணுக்கு வேகத்தை மாற்றிவிட வேண்டும். அது விட்டுப்போவது நடக்கிறது. மோடத்தையும் ரவுட்டரையும் ஒரு முறை அணைத்துப் போட்டும் பழைய வேகமே துல்லியமாக வந்தால், வாடிக்கையாளர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போன் போடுங்கள். யூனிஃபை என்றால் போன் எண் 100.

பதிவேற்ற வேகத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. 300 பேக்கேஜில் பதிவேற்றம் 50 என்று இருப்பது கோளாறு அல்ல, பேக்கேஜே அப்படி. பில்லையோ ஒப்பந்தத்தையோ பார்த்தால் இரண்டு எண்ணும் தனித்தனியாக இருக்கும்.

பழைய செம்பு டெலிபோன் லைனில் ஓடும் வீடு என்றால் தூரம்தான் எஜமான். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப்போக வேகம் விழும். உள்ளே தள்ளியிருக்கும் லயங்களுக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) 1, 2 எம்பிபிஎஸ் வந்தாலே பெரிது. டெலிபோனைத் தூக்கிக் காதில் வைத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் இருந்தால் இணைப்பில் துரு, அதைச் சரி செய்யச் சொல்லலாம். சத்தமே இல்லை, ஆனாலும் மெதுவு என்றால் அந்த வயரால் முடிந்தது அவ்வளவுதான். ஃபைபருக்கோ வயர்லெஸ் பெட்டிக்கோ மாறுங்கள்.

## அறிகுறி: இரவில் மட்டும் மெதுவு

காலை ஏழு மணிக்கு முழு வேகம், இரவு ஒன்பதுக்குக் கால் பங்கு. நீங்கள் எழுதி வைத்த தாள் இங்கேதான் உதவும்.

முதலில் வீட்டுக்குள்ளேயே ஆள் கூடிவிட்டதா என்று பாருங்கள். இரவில் எல்லாரும் வீட்டில். டிவியில் படம், பிள்ளைகள் கேம், பாட்டிக்கு யூடியூப். ரவுட்டர் அமைப்பில் எத்தனை கருவி இணைந்திருக்கிறது என்று தெரியும். அறிமுகமில்லாத பெயர்கள் இருந்தால் வைஃபை கடவுச்சொல் ஊருக்கே தெரிந்திருக்கிறது. மாற்றுங்கள்.

வயரில், மற்ற கருவிகளை நிறுத்திய பிறகும் இரவில் விழுகிறது என்றால் வெளியே நெரிசல். ஃபைபரிலும் ஒரு கம்பத்துப் பெட்டியிலிருந்து பல வீடுகளுக்குப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அதற்குப் பின்னால் கம்பெனி ஊருக்கு எவ்வளவு கொள்ளளவு வாங்கி வைத்திருக்கிறது என்பதும் இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் ஈப்போ சாலை மாதிரிதான்: உங்கள் கார் எவ்வளவு வேகமானது என்பது அங்கே எடுபடாது. ரவுட்டர் மாற்றிப் பயனில்லை. தேதி, நேரம், வேகம் எழுதிய தாளோடு புகார் செய்யுங்கள். பெரிய பதிவிறக்கங்களை விடியற்காலைக்குத் தள்ளுங்கள்.

வேறு கம்பெனிக்கு மாறலாமா? ஒன்றைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். பல ஊர்களில் வெவ்வேறு பெயரில் விற்கப்படும் ஃபைபர் எல்லாம் டிஎம் போட்ட ஒரே கேபிளில்தான் வருகிறது. மற்றவர்கள் அதை மொத்தமாக வாடகைக்கு எடுத்து விற்கிறார்கள். அந்தக் கேபிளுக்குப் பிறகு கம்பெனியின் சொந்த நெட்வொர்க்தான் வேறு. ஆகவே இரவு நெரிசல் மாறினால் குறையக்கூடும். கம்பத்திலிருந்து வரும் பழுது மாறினாலும் போகாது.

## அறிகுறி: 4ஜி, 5ஜி பெட்டி, சில நேரம் பறக்கிறது, சில நேரம் படுக்கிறது

ஃபைபர் எட்டாத தோட்டங்களில் சிம் கார்டு போட்ட பெட்டிதான் கதி. இதற்குத் தனிக் கணக்கு.

இடம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று சிக்னல் பலத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும். -80 பக்கம் என்றால் நன்று, -100 சுமார், -110-க்குக் கீழே போனால் ரொம்ப மோசம். பெட்டியை ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். செம்பனை வளர்ந்து டவர் பக்கத்தை மறைத்துவிட்ட வீடுகளில் மாடி ஜன்னலுக்கும் கீழ்க்கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மழையில் இலை நனைந்தால் இன்னும் விழும். தகரக் கூரைக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். சிக்னல் எண் நன்றாக இருக்கிறது, இரவில் மட்டும் வேகம் இல்லை என்றால் டவரில் கூட்டம். ஆண்டெனா வாங்கிப் பயனில்லை.

ஆண்டெனா. சிக்னல் எண்ணே மோசம், பெட்டியின் பின்னால் ஆண்டெனா துளை இருக்கிறது என்றால் மட்டும் வெளியில் உயரத்தில் ஒன்று வைக்கலாம். இது கூரை ஏறும் வேலை, இடிதாங்கி விஷயமும் சேர்ந்தது. தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

2021 கடைசியில் நாட்டில் 3ஜி மூடப்பட்டுவிட்டது. அலமாரியிலிருந்து பழைய 3ஜி யுஎஸ்பி டாங்கிளை எடுத்து வந்து "சிம் பிடிக்கவில்லை" என்று கேட்டால், அது இனி பிடிக்காது.

## அறிகுறி: மாதத் தொடக்கத்தில் வேகம், கடைசியில் நத்தை

இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம், நாள்காட்டி போதும். பில் தேதி தாண்டியதும் வேகம் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் அது வரம்பு. விளம்பரத்தில் அன்லிமிடெட் என்று பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்று ஒன்று இருக்கும். இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்போம் என்பதுதான் அதன் பொருள். சிம் பேக்கேஜ்களிலும் வயர்லெஸ் பெட்டிகளிலும் இது அதிகம், ஃபைபரில் குறைவு. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைப்பதும் உண்டு: கைப்பேசியில் யூடியூப் ஓடும், அதிலிருந்து லேப்டாப்புக்கு எடுத்தால் படுத்துவிடும்.

செயலியில் மீதம் எவ்வளவு என்று பாருங்கள். யார் தின்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மேகத்துக்கு (கிளவுட்) படம் அனுப்பும் கேமராவும், தானாக அப்டேட் ஆகும் கேம்களும்தான் முதல் குற்றவாளிகள். டிவியில் படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினாலே அளவு கணிசமாக மிஞ்சும். இது போதவில்லை என்றால் பேக்கேஜ் மாற்றுவதைத் தவிர வழியில்லை. டெக்னீஷியனைக் கூப்பிடாதீர்கள், அவரால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

## அறிகுறி: மழை வந்தால் லைன் போகிறது, வெயில் வந்தால் திரும்புகிறது

செம்பு லைன் என்றால் எங்கோ இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. ஃபைபர் என்றால் கம்பத்துப் பெட்டியிலோ சுவர்ப் பெட்டியிலோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. உள்ளே எறும்பு கூடு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். உங்களால் செய்யக்கூடியது வீட்டுச் சுவரில் கேபிள் நுழையும் ஓட்டையை அடைப்பதும், மழை பெய்யும்போது மோடம் லைட்டை கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும்தான். டெக்னீஷியன் வெயில் அடிக்கும்போது வந்து "எல்லாம் ஓகே" என்று போய்விடுவார். அந்தப் படம்தான் சாட்சி.

வரும்போது அவரிடம் பவர் மீட்டர் வைத்து ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள். -20 பக்கம் இருந்தால் நிம்மதி. -27-ஐ ஒட்டி இருந்தால் இன்று ஓடும், அடுத்த மழையில் விழும். அப்படி விட்டுவிட்டுப் போக விடாதீர்கள்.

இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வயரையும் கழற்றினால் இன்னும் நல்லது.

## அறிகுறி: வேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் கேமும் வீடியோ அழைப்பும் உடைகிறது

பதிவிறக்கம் 100 காட்டும், ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் முகம் உறைந்துவிடும். பெரும்பாலும் பதிவேற்றம்தான் நிரம்பியிருக்கும். யாரோ ஒருவர் கைப்பேசி கல்யாணப் படங்களை எல்லாம் கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அதை நிறுத்திப் பாருங்கள். சரியாகிவிட்டால் ரவுட்டரில் வேகத்தைப் பங்கு பிரிக்கும் க்யூஓஎஸ் (QoS) இருக்கிறதா என்று தேடி, பதிவேற்றத்துக்குப் பேக்கேஜ் அளவில் பத்தில் ஒன்பது பங்கு வரம்பு வையுங்கள். நாமே வைக்கும் இந்த ஒரு வரம்பு நன்மை செய்யும்.

நிறுத்தியும் உடைகிறது என்றால் வயரில் கேம் ஆடிப் பாருங்கள். வயரில் சரி என்றால் மேலே வைஃபை தலைப்புக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

உள்ளூர்ச் செய்தி வேகமாகத் திறக்கிறது, வெளிநாட்டுத் தளம் மட்டும் இழுக்கிறது என்றால் கடலடி கேபிள் எங்காவது அறுந்திருக்கலாம். செய்தியைப் பாருங்கள், காத்திருங்கள். எல்லாத் தளமும் திறக்கத் தாமதித்து, திறந்த பிறகு வேகமாக ஓடினால், தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரவுட்டரில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2024 செப்டம்பரில் இந்தப் பொது டிஎன்எஸ் போக்குவரத்தை உள்ளூர் சேவையகங்களுக்குத் திருப்பும்படி கம்பெனிகளுக்கு ஆணையத்தின் உத்தரவு வந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே நிறுத்தப்பட்டது.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை, ரவுட்டரில் அதற்கான வழியை (போர்ட்) திறந்தும் பயனில்லை என்றால், கம்பெனி ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. சிம் பெட்டிகளில் இது வழக்கம். தனி ஐபி தருவார்களா என்று கேளுங்கள், அல்லது மேகம் வழியாகப் பார்க்கும் கேமராவுக்கு மாறுங்கள்.

## அறிகுறி: லைன் கேட்டால் "போர்ட் ஃபுல்" என்கிறார்கள்

பக்கத்து வீட்டில் ஃபைபர் ஓடுகிறது, உங்களுக்கு இல்லை. கம்பத்துப் பெட்டியில் இருக்கும் இணைப்புத் துளைகள் நிரம்பிவிட்டன என்பதுதான் விஷயம். ஏஜெண்டிடம் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். அவருக்குத் திரையில் தெரிவது அவ்வளவுதான். கம்பெனியிலேயே எழுத்துபூர்வமாக விண்ணப்பித்துக் குறிப்பு எண் வாங்குங்கள். லைனை நிறுத்திவிட்டுப் போன வீடுகளின் துளை காலியாக இருந்தும் கணக்கில் நிரம்பியதாகவே இருப்பதுண்டு. காலி வீட்டின் எண்ணைச் சொல்லி, பெட்டியை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து கேட்டால் புதுப் பெட்டி வைக்க வாய்ப்பு அதிகம்.

## புகார் செய்யும்போது

வயர் சோதனை எண்கள், லைட்டின் படம், பில், மோடத்தின் அடியில் உள்ள வரிசை எண். இவ்வளவும் கையில் இருந்தால் "ரீஸ்டார்ட் செய்தீர்களா" என்ற கேள்வியோடு போன் முடியாது. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். கம்பெனி பதில் சொல்லவில்லை, அல்லது சரி செய்யாமலேயே புகாரை மூடிவிட்டது என்றால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். முதலில் கம்பெனியிடம் புகார் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கேட்பது.

டெக்னீஷியன்கள் பெரும்பாலும் ஈப்போவிலிருந்தோ கோலாகங்சாரிலிருந்தோ வருகிறார்கள், ஒரே நாளில் பல வீடு பார்க்க வேண்டும், அவசரத்தில்தான் இருப்பார்கள். ஒரு டீ போட்டுக் கொடுங்கள். அவர் கையெழுத்து கேட்கும் முன், அவர் லேப்டாப்பிலேயே வயரில் ஒரு முறை வேகம் காட்டச் சொல்லுங்கள். அந்த எண் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடலாம்.